அன்பியத்தின் எல்லைக்கோடு

கீழ்பென்னாத்தூர் வட்டாரக் கிராமப் பங்குகளில் ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தைக்கு ஓட்டமும் நடையுமான நாள். தலைமையிடத்துக் கோயிலில் விடிகாலைப் பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளைக் கிராமங்களுக்குக் கிளம்ப வேண்டும். எல்லாக் கிளைகளுக்கும் எல்லா ஞாயிறும் போய்விட முடியாது. சில ஊர்களுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு பூசைதான் வாய்க்கும். கொடியேற்றம், கிறிஸ்துமஸ், பாஸ்கா, கல்லறைத் திருநாள் என்று சாமியார் தவறாமல் வரும் நாட்கள் சில உண்டு. மற்ற நாட்களில் சிற்றாலயத்தின் கதவு பூட்டியிருக்கும். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். அந்த நாட்களில் அந்த ஊரில் திருச்சபை எங்கே இருக்கிறது?

தமிழகக் கத்தோலிக்கர்கள் சில பத்தாண்டுகளாக இதற்குச் சொல்லிவரும் பதில் அன்பியம். இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த ஒரு வட்டம். வாரத்துக்கு ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். "இந்த வாரம் எங்க வூட்ல ஜெபம்" என்று முந்தின நாளே சொல்லிவைப்பார்கள். திண்ணையிலோ நடையிலோ பாய் விரித்து, ஸ்டூலில் வெள்ளைத் துணி போட்டு, மாதா சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைத்து, நடுவில் திருவிவிலியத்தைத் திறந்துவைப்பார்கள். ஒரு பாட்டு, ஒரு வாசகம், அதைப் பற்றி நாலு பேர் நாலு வார்த்தை, மன்றாட்டு, கடைசியில் டீயும் சுண்டலும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

தமிழகத் திருச்சபை அண்மைக் காலத்தில் எடுத்த முடிவுகளில் மிக நல்லது இதுதான் என்று நான் நம்புகிறேன். அதனாலேயே அது எங்கே போய் நின்றுவிட்டது என்பதைக் கூச்சமில்லாமல் பார்த்தாக வேண்டும். அது பெரும்பாலான ஊர்களில் தெருமுனையில் நின்றுவிட்டது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஓடும் அந்தச் சாலையை அன்பியம் தாண்டவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதுதான். ஆனால் அங்கே போவதற்கு முன்பு, அன்பியம் செய்துகாட்டிய நல்லதை அதற்குரிய எடையோடு சொல்லிவிட வேண்டும். செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லிவிட்டுக் குறையைப் பெரிதாக்கினால் அது திறனாய்வு ஆகாது.

வட ஆற்காட்டுக் கிராமங்களில் விசுவாசம் பரவிய விதமே சிறு கூட்டங்களின் வழியாகத்தான். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில், பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த தாராஸ் அடிகளார் சேத்துப்பட்டை மையமாக வைத்து இந்தப் பகுதியெங்கும் உழைத்தார். சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயம் அவர் உழைப்பின் நினைவு. அந்தக் காலத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். ஒரு குருவானவர் எத்தனை ஊர்களுக்குத்தான் போக முடியும்? ஊர்களில் விசுவாசத்தைக் காத்து நின்றவர் உபதேசியார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்குத் திருமுழுக்குத் தண்ணீர் ஊற்றுவது, சாவு வீட்டில் செபமாலை முன்னின்று சொல்வது எல்லாம் அவர் வேலை. அவருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எனக்கென்னவோ, தமிழகத் திருச்சபையின் வரலாறு ஆயர்களின் வரிசையாக எழுதப்பட்டதைவிட உபதேசியார்களின் வரிசையாக எழுதப்பட்டிருந்தால் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

உபதேசியார் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) அந்த அமைப்பின் அடித்தளத்தையே மாற்றியது. திருப்பலி தமிழுக்கு வந்தது. திருச்சபை என்றால் குருக்கள் என்ற எண்ணம் போய், இறைமக்கள் அனைவரும் என்ற புரிதல் வந்தது. 1968இல் கொலம்பியாவின் மெதயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் அடித்தளக் கிறிஸ்தவச் சமூகங்களைத் திருச்சபையின் முதல் உயிரணுவாகப் பார்த்தார்கள். 1970களில் கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்களும் அதே வழியில் போனார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இலும், இரண்டாம் ஜான் பால் 1990இலும் தங்கள் ஏடுகளில் இச்சமூகங்களை வரவேற்று எழுதினார்கள். அதே 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள், ஆசியத் திருச்சபை சமூகங்களின் சமூகமாக வாழ வேண்டும் என்றார்கள். தமிழ் மண்ணில் இந்தச் சிந்தனை எடுத்த வடிவம்தான் அன்பியம். வேலூர் மறைமாவட்டம் உட்படத் தமிழகத்தின் எல்லா மறைமாவட்டங்களிலும் இன்று அது பங்கின் வழக்கமான அங்கம்.

அன்பியங்களில் பரவலாகப் பயன்படும் ஏழு படி முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. ஆண்டவரை அழைப்பது முதல் படி. வாசகத்தை வாசிப்பது இரண்டாவது. மனதைத் தொட்ட சொல்லையோ தொடரையோ ஒவ்வொருவரும் உரக்கச் சொல்வது மூன்றாவது. பிறகு மௌனம். ஐந்தாவது பகிர்வு: அந்தச் சொல் என் வாழ்க்கையில் எதைத் தொட்டது என்று சொல்வது. நாம் சேர்ந்து என்ன செய்யப் போகிறோம் என்று முடிவெடுப்பது ஆறாவது. மன்றாட்டோடு முடிப்பது ஏழாவது. இதற்கு இறையியல் படிப்பு வேண்டாம், பிரசங்கியும் வேண்டாம்.

இந்த முறை செய்துகாட்டிய காரியம் ஒன்று உண்டு. அதைப் பெரிய விஷயமாக யாரும் எழுதிக் கண்டதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண், தன் வீட்டு நடையில், தன் மாமியார் முன்னிலையில், கொழுந்தன் முன்னிலையில், எல்லாருக்கும் கேட்கும்படி திருவிவிலியத்தை வாசிக்கிறாள். அப்புறம் தன் சொந்த வாயால் ஒரு கருத்துச் சொல்கிறாள். முதல் முறை குரல் நடுங்கும்; நாலாவது முறை நடுங்காது. முந்தைய தலைமுறைக் கத்தோலிக்கப் பெண்ணுக்குச் செபமாலை தெரியும், மன்றாட்டு மாலை மனப்பாடம், புனிதர்களின் கதை தெரியும். ஆனால் நற்செய்தி கோயிலில் சாமியார் வாசிக்கக் கேட்டதுதான். அவள் பேத்தி மாற்கு எங்கே நிறுத்தினான், லூக்கா எங்கே சேர்த்தான் என்று கேட்கிறாள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் எளிய தமிழில் இருந்ததும் இதற்குக் கைகொடுத்தது. பகல் முழுக்க நூறு நாள் வேலையிலோ மல்லாட்டை பறிக்கும் கொல்லையிலோ குனிந்து நிமிர்ந்தவர்கள் மாலையில் வந்து உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அன்பியத்தின் உண்மையான பலம் சாவு வீட்டில் தெரியும். செய்தி கேட்ட நிமிடமே அடுத்த வீட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் சாமியாருக்குப் போன் போடுவார், ஒருவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் மகனுக்குச் சொல்வார், ஒருவர் பந்தலைப் பார்ப்பார், இரண்டு பேர் அடுப்பைப் பார்ப்பார்கள். ராத்திரி முழுக்கச் செபமாலை ஓடும். இதெல்லாம் அன்பியம் வருவதற்கு முன்பும் இருந்ததுதானே என்று கேட்கலாம். சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு இருந்தது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஆசிரியர் குடும்பம், கணவனை இழந்து தனியாக இருக்கும் கிழவி, கலப்பு மணம் செய்து இரு பக்க உறவும் அறுந்துபோன இளம் ஜோடி ஆகியோருக்கு அது இல்லை. அன்பியம் அவர்களுக்குப் பங்காளியாக நின்றது. மருத்துவமனையில் கிடப்பவருக்கு முறைபோட்டுத் துணைக்குப் போவது, படுக்கையில் இருக்கும் முதியவருக்கு நற்கருணை கொண்டுவரச் சொல்லிப் பங்குத்தந்தைக்கு நினைவூட்டுவது போன்ற வேலைகளை வேறெந்தச் சபையும் இவ்வளவு சீராகச் செய்ததில்லை. கிராமங்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெந்தெகொஸ்தே ஜெபவீடுகளுக்குப் போவதைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். போனவர்களிடம் கேட்டால், என் பேரைச் சொல்லி எனக்காக ஜெபித்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தத் தேவையை நம் பக்கத்தில் புரிந்துகொண்ட ஒரே அமைப்பு அன்பியம்.

பழைய பக்திச் சபைகளிலிருந்து அன்பியம் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. வின்சென்ட் தே பால் சபையில் சேர்வதும் மரியாயின் சேனையில் சேர்வதும் அவரவர் விருப்பம். ஒத்த மனம் உள்ளவர்கள் கூடுவார்கள். அன்பியத்தில் அப்படித் தெரிவு கிடையாது. பக்கத்து வீடு என்ற ஒன்றே தகுதி. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியும், வேலித் தகராறில் ஸ்டேஷன் வரை போனவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்தாக வேண்டும். அதுதான் இந்த அமைப்பின் அழகு. நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களைச் சகோதரர்களாக ஏற்றுக்கொள்ளும் பயிற்சி அது.

ஆனால் நம் ஊர்களில் பக்கத்து வீட்டைத் தேர்ந்தெடுத்தது யார்? சாதி. ஊர் ஒரு பக்கம், காலனி இன்னொரு பக்கம். நடுவில் ஒரு சாலை, அல்லது ஓர் ஓடை, அல்லது நாலு கொல்லை. வீடுகளின் வரிசைப்படி அன்பியத்தைப் பிரித்தால் அது தானாகவே சாதிப்படி பிரிந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை. பங்கு அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து, நடந்துபோகும் தூரம், குடும்ப எண்ணிக்கை என்று நியாயமான காரணங்களைப் பார்த்துக் கோடு போடுவார்கள்; கோடு சரியாகப் பழைய இடத்தில் விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயர். புனித சூசையப்பர் அன்பியம், குழந்தை தெரசா அன்பியம், அந்தோணியார் அன்பியம். பெயரைக் கேட்டதும் அது எந்தப் பக்கம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பங்கில் எல்லாரும் ஒரே சாதியாக இருக்கும் ஊர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அங்கே இந்தப் பிரச்சினை அன்பியத்துக்குள் எழாது. கிளைக் கிராமத்துக்கும் தலைமையிடத்துக்கும் நடுவில் எழும். இரு சாராரும் உள்ள பங்குகளில் ஞாயிறு பூசையில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள், ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்குகிறார்கள். அந்த ஒரு மணி நேர ஒற்றுமை எளிது. அங்கே யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை, யார் வீட்டுத் தண்ணீரையும் குடிக்க வேண்டியதில்லை. அன்பியம் மட்டும்தான் வீட்டு வாசற்படியைக் கேட்கிறது. பாயில் உட்காரச் சொல்கிறது. அந்த வீட்டு டம்ளரில் டீ குடிக்கச் சொல்கிறது. சாதி தன் முழு பலத்தோடு காவல் நிற்கும் இடம் அந்த வாசற்படிதான். அங்கேயே போய் வேலை செய்யக்கூடிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை இந்தப் பக்க வாசற்படிகளுக்குள்ளும் அந்தப் பக்க வாசற்படிகளுக்குள்ளும் தனித்தனியாகச் சுற்றவிட்டிருக்கிறோம். என் வருத்தமெல்லாம் இதுதான்.

இதை மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எறையூரை நினைத்துப் பார்க்கட்டும். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அடுத்த வீடு. அங்கே வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கில் இருந்தார்கள். கல்லறை தனி. தலித்துகளின் சவ ஊர்வலம் பெரிய கோயிலுக்குச் செல்லும் தெருவழியே போக முடியாது. தங்களுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்று தலித் மக்கள் கேட்ட நிலையில் 2008 மார்ச் மாதத்தில் மோதல் வெடித்தது. மார்ச் 9 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இறந்தவர்களும் கிறிஸ்தவர்கள், அடிபட்டவர்களும் கிறிஸ்தவர்கள். தனிப் பங்கு கேட்டதைப் பிரிவினை என்று சிலர் சொன்னார்கள். தன் தாயின் உடலைத் தெருவில் கொண்டுபோக முடியாத ஒருவன் வேறெதைக் கேட்பான்?

தெற்கே வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்த சுவர் இருந்தது, 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 2003 நவம்பரில் ரோமுக்கு வந்த தமிழக ஆயர்களிடம், சாதி பார்க்கும் வழக்கம் திருச்சபையின் பணிக்கே முட்டுக்கட்டை என்று கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஏடு ஒன்றை வெளியிட்டது. இந்தியக் கத்தோலிக்கர் சுமார் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் அது ஒப்புக்கொண்டது. இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அந்த ஏடு ஆயர் இல்லங்களிலிருந்து இறங்கிக் கிராமத்துக்கு வர ஒரு வாகனம் வேண்டும். அன்பியத்தைத் தவிர வேறு வாகனம் நம்மிடம் இல்லை.

நம் மாவட்டத்தின் காற்றே இப்படித்தான் இருக்கிறது. தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முறையாகக் காலெடுத்துவைத்தது 2023 ஜனவரியில். அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அது இந்துக் கோயில், நமக்கென்ன என்று எந்தக் கிறிஸ்தவரும் நகர்ந்துவிட முடியாது. மதம் மாறிய குடும்பங்கள் வீடு மாறவில்லை. வீடு இருந்த தெருவில்தான் இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு சுமையும் உண்டு. அன்பியப் பகிர்வில் அது பேச்சாக வருவதே இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. தமிழக அரசு தலித் கிறிஸ்தவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அவர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசமைப்பை ஏமாற்றுவதாகும் என்று தீர்ப்பளித்தது. இதன் பொருள் கிராமத்தில் என்ன? பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் ஒரு பெயர், கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயர். நம்பிக்கையைத் திறந்த வாசலில் உட்கார்ந்து வாழ்வது காலனிப் பக்கத்துக் குடும்பத்துக்கு விலையுள்ள காரியம். ஊர்ப் பக்கத்துக் குடும்பத்துக்கு அந்த விலை இல்லை. அன்றாட வாழ்வில் விசுவாசத்துக்குச் சாட்சியாக இருங்கள் என்று இருவருக்கும் ஒரே பிரசங்கம் வைக்கிறோம். தன் பெயரை இரண்டாகப் பிளந்து வைத்துக்கொண்டும் மாலை ஆனதும் பாய் விரித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற அந்தத் தாயின் விசுவாசத்தை அளக்க எனக்குத் தகுதி இல்லை. அவளுடைய சுமையை அடுத்த தெரு அன்பியம் கேட்டறிந்திருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

அன்பியத்தின் மற்ற குறைகள் இதைவிடச் சிறியவை, ஆனால் இதோடு தொடர்புள்ளவை.

பங்கு நிர்வாகம் அன்பியத்தைத் தன் கைகாலாக ஆக்கிக்கொண்டது. கோயில் சந்தா வசூலிக்க வேண்டுமா, அன்பியப் பொறுப்பாளர். திருவிழாவில் நவநாள் பூசைக்கு உபயம் பிரிக்க வேண்டுமா, அன்பியம். கோயிலைக் கூட்டிப் பெருக்க, தேரை அலங்கரிக்க, ஆயர் வரும்போது வரிசையில் நிற்க எல்லாவற்றுக்கும் அன்பிய வாரியாக முறை. வேலை பங்கிடப்படுவதில் தவறில்லை. ஆனால் பொறுப்பாளரைக் கண்டதும் ரசீதுப் புத்தகம் நினைவுக்கு வருகிறது என்றால் ஜெபம் பின்னுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சந்தா பாக்கி வைத்திருக்கும் வீட்டார் கூட்டத்துக்கு வரக் கூசுகிறார்கள். யார் மிகவும் கஷ்டத்தில் இருக்கிறார்களோ அவர்கள்தான் பாக்கி வைத்திருப்பார்கள். யாருக்காக இந்த வட்டம் உண்டாக்கப்பட்டதோ அவர்களே முதலில் அதைவிட்டு விலகுகிறார்கள். சந்தாவை அன்பியத்திலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைப் பார்க்க நிதிக்குழு இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது.

அதே சட்டம் பங்குப் பேரவையை ஆயர் விரும்பினால் அமைக்கலாம் என்கிறது. அதன் வாக்கும் ஆலோசனை அளவில்தான். அன்பியத்தைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை. ஆகவே அன்பியத்தின் உயிர் பங்குத்தந்தையின் ஆர்வத்தைச் சார்ந்து நிற்கிறது. ஆர்வமுள்ளவர் இருந்தால் செழிக்கும். அவர் மாற்றலாகி, அடுத்து வருபவர் கெபி கட்டுவதிலோ கோபுரத்தை உயர்த்துவதிலோ மனம் வைத்தால் வாடிவிடும். உழைக்கிற பெண்களுக்கு முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி இல்லாததும் இதனால்தான். அன்பியத்தை நடத்துவது பெண்கள். ஆண்களில் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் கட்டட வேலையில் இருக்கிறார்கள், ஊரில் இருப்பவர்கள் பாட்டு முடியும்வரை வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் தேர் எந்தத் தெருவில் போகும், எந்தத் தெருவில் போகாது என்று முடிவு செய்வது ஊர்ப் பெரியவர்களான ஆண்கள். ஜெபிக்கும் அதிகாரம் பெண்களிடமும் பாதையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஆண்களிடமும் இருக்கும்வரை பழைய கோடு அழியாது. 2021இல் தொடங்கி 2024 அக்டோபரில் முடிந்த கூட்டியக்கத் திருச்சபை மாமன்றம், எல்லாரும் பேசவும் எல்லாரும் கேட்கப்படவும் வேண்டும் என்பதையே மையமாக வைத்தது. அதற்கான கருத்துக் கேட்பு நம் பங்குகளிலும் அன்பிய வழியாக நடந்தது. சொன்னதைக் கேட்டு என்ன மாற்றினார்கள் என்று அந்தப் பெண்களுக்கு யாராவது திரும்பிவந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

இனி அந்த ஆறாம் படி. நாம் சேர்ந்து என்ன செய்யப் போகிறோம்? பெரும்பாலான கூட்டங்களில் ஐந்தாம் படியிலிருந்து நேராக ஏழாம் படிக்குத் தாவிவிடுகிறோம். நேரமாகிவிட்டது, சமையல் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆறாம் படியைத் தொட்டாலும், அடுத்த வாரம் இன்னும் ஒருவரைக் கூட்டிவருவோம், தினமும் குடும்ப ஜெபம் சொல்வோம் என்கிற அளவில் முடித்துக்கொள்கிறோம். நல்ல தீர்மானங்கள்தான், ஆனால் எல்லாம் நம் வீட்டுச் சுவருக்குள்ளேயே சுற்றுகின்றன. குடிநீர்க் குழாய் வராத தெரு, கந்துவட்டியில் சிக்கிய குடும்பம், குடியால் தினமும் அடிபடும் பெண் என இவையெல்லாம் ஐந்தாம் படியில் கண்ணீரோடு பகிரப்படுகின்றன. ஏழாம் படியில் மன்றாட்டாகவும் வருகின்றன. நடுப்படியில் ஒரு முடிவாக மட்டும் வருவதில்லை. வந்தால் யாரையாவது பகைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வட்டி வாங்குபவரும் அடிப்பவரும் அதே அன்பியத்து வீட்டார்தான்.

ஆறாம் படியை முழுமையாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்த எட்வின் அடிகளார், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய முப்பது குடும்பங்களுக்கு ஒன்று என்ற அன்பிய அளவையே எடுத்துக்கொண்டு, அதை எல்லா மதத்தாருக்குமான அண்டைவீட்டு மன்றங்களாக வளர்த்தார். குழந்தைகள் நாடாளுமன்றம் என்று இன்று பல மாநிலங்களில் அறியப்படும் அமைப்பும் அந்த வேரிலிருந்து வந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்து, தெருவிளக்கு எரியவில்லை, பள்ளியை விட்டு ஒருவன் நின்றுவிட்டான் என்று கணக்கெடுத்துப் பேசுவார்கள். இந்த வழியில் ஜெபம் கரைந்து வெறும் சமூக சேவையாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. திருவிவிலியம் திறக்கப்படாத அன்பியம் பெயர் மாறிய சுயஉதவிக் குழு ஆகிவிடும். ஆனால் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இன்று நாம் நிற்பது அதற்கு நேர் எதிர்க் கரையில். ஜெபம் நிறைய இருக்கிறது, செயல் காணவில்லை.

அண்ணாமலையின் அடிவாரத்து மாவட்டம் இது. கார்த்திகை தீபத்தன்று பல மைல் சுற்றளவுக்கு மலையுச்சி வெளிச்சம் தெரியும். கிறிஸ்தவக் குடும்பத்தின் பக்கத்து வீடு பெரும்பாலும் இந்து வீடு. அந்தப் பக்கத்து வீட்டு அக்கா நம் அன்பியக் கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து, தன் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா என்று கேட்பது பல வீடுகளில் நடக்கிறது. யாரும் அவளை மாற்றப் பார்ப்பதில்லை, அவளும் மாறுவதற்காக வரவில்லை. இந்த இயல்பான திறப்பு எந்த மேல்மட்டக் கருத்தரங்கும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. பத்து அடியில் இருக்கும் வேற்று மதத்து வீட்டை இவ்வளவு எளிதாக உள்ளே விடும் அன்பியம், நூறு அடியில் இருக்கும் தன் சொந்தத் திருச்சபையின் வீட்டுக்குப் போகத் தயங்குகிறது. சாதி மதத்தைவிட எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

எல்லையை மாற்றி வரைய ரோமின் அனுமதி வேண்டியதில்லை. சட்டத்தில் அன்பியம் இல்லை என்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம். பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். எடுத்த எடுப்பில் எல்லா அன்பியத்தையும் கலைத்துப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஆண்டுக்கணக்கில் கட்டிய நெருக்கம் உடையும், சாவு வீட்டில் கைகொடுத்த அந்த வட்டம் சிதறும். சாலையின் இந்தப் பக்கத்து அன்பியம் ஒன்றையும் அந்தப் பக்கத்து அன்பியம் ஒன்றையும் ஜோடி சேர்த்து, மாதம் ஒரு முறை சேர்ந்து கூடச் செய்யலாம். ஒரு மாதம் இங்கே, மறு மாதம் அங்கே. கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு சமரசம் கட்டாயம் வரும். அதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. வீட்டில்தான் கூட வேண்டும், அந்த வீட்டில் சமைத்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பங்குத்தந்தை முதல் சில கூட்டங்களுக்காவது தானே வர வேண்டும். தேர்ப் பாதையைப் பற்றிய முடிவை இந்த ஜோடி அன்பியங்களின் பெண் பொறுப்பாளர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எடுக்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் வருகை குறையும். சிலர் கோபித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள், ஒன்றிரண்டு குடும்பங்கள் திருவிழாவுக்குக் கொடுத்துவந்த பெரிய நன்கொடையை நிறுத்தும், மேலிடத்துக்குப் புகார் போகும். ஆண்டு அறிக்கையில் எத்தனை அன்பியங்கள், எத்தனை கூட்டங்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்களை மட்டும் பார்த்தால் அந்தப் பங்கு பின்தங்கியதாகத் தெரியும். மறைமாவட்டம் அந்த எண்களோடு இன்னொரு கேள்வியையும் அறிக்கைத் தாளில் சேர்க்க வேண்டும்: இந்த ஆண்டு சாலையைத் தாண்டிக் கூடிய கூட்டங்கள் எத்தனை, யார் யார் வீட்டில்? அந்தக் கட்டத்தை நிரப்ப முயன்றதால் மற்றக் கட்டங்களில் எண்ணிக்கை குறைந்த பங்குத்தந்தையை ஆயர் அந்த ஊரிலேயே இன்னும் சில ஆண்டுகள் இருக்க விட வேண்டும்.